ஈறுல ரத்தம் வருதா? பிரஷ்ஷை மட்டும் நிறுத்திராதீங்க! - வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழ்ல "ஈறு சம்பந்தமா கேள்வி இருந்தா அனுப்புங்க"ன்னு ஒரு ஓரமா சின்னதா போட்டிருந்தோம். நாலஞ்சு வரும்னு நினைச்சேன், மெயில், வாட்ஸப், இன்லேண்ட் லெட்டர்னு வந்து குவிஞ்சிருச்சு. உக்காந்து எல்லாத்தையும் படிக்கறப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, முக்காவாசி பேர் "வலி ஒண்ணும் இல்ல டாக்டர், ஆனா..."ன்னு தான் ஆரம்பிச்சிருக்கீங்க. சொத்தைப்பல்லு ராத்திரி தூங்க விடாது, அதனால மறுநாள் காலையில க்ளினிக் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பீங்க. ஈறு நோய் சத்தமே போடாம வருஷக்கணக்குல வேலையப் பார்க்கும். அதனால அந்த "ஆனா"வுக்குப் பின்னாடி நீங்க எழுதினதுக்கு தான் இந்த மாசம் பதில். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யாரு பேருமே போடல.

எனக்கு 34 வயசு. நாலு மாசமா பல்லு தேய்க்கறப்போ ரத்தம் வருது, வாஷ்பேசின்ல துப்பினா ரோஸ் கலர்ல இருக்கு. வலி இல்ல. ஒடம்பு சூடுன்னு மாமியார் தினமும் வெந்தயம் ஊறவெச்சு குடுக்கறாங்க. ரத்தம் வர்ற பக்கம் இப்போ பிரஷ்ஷே வைக்கறதில்ல, விரலால தான் தேய்க்கறேன். ஆனாலும் நிக்க மாட்டேங்குது டாக்டர்.
- வாசகி, தென்காசி

வெந்தயம் குடிங்கம்மா, தப்பில்ல, மாமியார் மனசும் நோகாது. ஆனா ரத்தம் அதனால நிக்காது. நிக்காததுக்குக் காரணம் நீங்களே கடைசி வரிக்கு முந்தின வரியில எழுதியிருக்கீங்க, அந்தப் பக்கம் பிரஷ் வைக்கறதில்லன்னு.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். பல்லும் ஈறும் சேர்ற இடத்துல பல்லைச் சுத்தி ஒரு சின்ன பள்ளம் இருக்கும், சட்டைப்பை மாதிரின்னு வெச்சுக்கோங்க. நல்லா இருக்கற வாயில அதோட ஆழம் 1 மில்லிமீட்டர்ல இருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் தான். நாம சாப்பிட்டு முடிச்சதும் பல்லு மேல கிருமிங்க சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு படலம் கட்டும், நாங்க ப்ளாக்னு சொல்லுவோம். நகத்தால முன்பல்லோட அடியில சுரண்டிப் பாருங்க, வெள்ளையா மாவு மாதிரி வரும், அது தான். அது அந்தப் பள்ளத்தோட விளிம்புலயே தங்கிடுச்சுன்னா ஒடம்பு சும்மா இருக்காது, கிருமியோட சண்டை போட அந்த இடத்துக்கு ரத்தத்தை அதிகமா அனுப்பும், ரத்தக்குழாய் எல்லாம் வீங்கும், உள்பக்கத் தோல் மெலிசாகும், இப்போ எது பட்டாலும் ரத்தம் வரும், பிரஷ் பட்டாலும் வரும், கொய்யாக்காயக் கடிச்சாலும் வரும். ஆக பிரஷ் குத்தி ரத்தம் வரல, ஏற்கனவே புண்ணா இருக்கற இடத்துல பிரஷ் பட்டதால வந்திருக்கு. நீங்க பயந்து போய் அந்தப் பக்கத்தை விட்டுட்டீங்க, அழுக்கு இன்னும் ஏறுச்சு, ரத்தம் இன்னும் வந்துச்சு, இன்னும் பயந்தீங்க. எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேரு இந்த சுத்துல மாட்டினவங்க தான்.

இது நான் சும்மா சொல்ற கதை இல்ல. 1965-ல டென்மார்க்ல ஆர்ஹுஸ்ங்கற ஊர்ல ஹெரால்ட் லோ-ங்கற பல் டாக்டர் ஒரு சோதனை பண்ணார். நல்ல ஈறு இருக்கற 12 பேர், பெரும்பாலும் அவரோட காலேஜ்ல முதல் வருஷம் படிச்ச பசங்க, அவங்கள பல்லே தேய்க்காதீங்கன்னு சொல்லிட்டார். 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள ஒருத்தர் விடாம எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கிடுச்சு. திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல, பழையபடி சரியாயிடுச்சு. மாத்திரை மருந்து ஒண்ணும் இல்லாம! இந்த முதல் கட்டத்தை நாங்க ஜிஞ்சிவைட்டிஸ்னு சொல்லுவோம், எலும்பு தேயாத வரைக்கும் முழுசா பழைய நிலைமைக்குத் திருப்பிடலாம். எலும்பு தேய ஆரம்பிச்சா அது பெரியோடான்டைட்டிஸ், நம்ம தாத்தா காலத்து பாஷையில பயோரியா, அதை நிறுத்தத் தான் முடியும், போன எலும்பு தானா திரும்பி வராது.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு செல்ஃபோன் டார்ச்ச அடிச்சு உதட்டை விரலால நல்லா தூக்கிப் பாருங்க. நல்ல ஈறு பல்லை இறுக்கிப் புடிச்சிருக்கும், ரெண்டு பல்லுக்கு நடுவுல கூரா முக்கோணமா ஏறியிருக்கும், சில பேருக்கு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப் புள்ளியா இருக்கும். சரியில்லாத ஈறுன்னா அந்த முக்கோணம் மழுங்கி குட்டிப் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும், பளபளன்னு மின்னும், செக்கச்செவேல்னோ நீலம் கலந்த சிவப்பாவோ இருக்கும். இதுல ஒண்ணு சொல்லிடறேன், ஈறுல கருப்பா திட்டுத்திட்டா இருக்கேன்னு கூகிள் படத்தைப் பார்த்துட்டு பயந்து வர்றவங்க நிறைய, நம்ம ஊரு ஆளுங்களுக்கு அது தோல் நிறம் மாதிரி இயல்பு, நோய் இல்ல. உப்பியிருக்கா, மின்னுதா, ரத்தம் கசியுதா, அதப் பாருங்க.

அப்புறம் சாஃப்ட் பிரஷ் ஒண்ணு வாங்குங்க, ஹார்டு, மீடியம் எதுவும் வேண்டாம். நேரா வெச்சு மரம் அறுக்கற மாதிரி இழுக்காம, பிரஷ்ஷோட முடியை ஈறு விளிம்பைப் பார்த்து 45 டிகிரி சாய்ச்சு வெச்சு, இருந்த இடத்துலயே குட்டிக்குட்டியா பத்து தடவை ஆட்டிட்டு, ஈறுல இருந்து பல்லு நுனிக்கு உருட்டி விடுங்க. ரெண்டு ரெண்டு பல்லா நகருங்க. உள்பக்கத்தை மறந்துடாதீங்க, முக்கியமா கீழ் முன்பல்லோட பின்பக்கம், எச்சில் சுரக்கற வாசல் அங்க தான், காரை, அதாவது கல்லா இறுகிப்போன படலம், முதல்ல புடிக்கறதும் அங்க தான். காலையில ரெண்டு நிமிஷம், படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம். ஒரு வேளை தான் முடியும்னா ராத்திரிய விடாதீங்க. முதல் மூணு நாலு நாள் ரத்தம் வரத்தான் செய்யும், பயந்து கைய எடுத்துராதீங்க, ஒரு வாரம் பத்து நாள்ல குறையும். ரெண்டு வாரம் ஆகியும் குறையலைன்னா உள்ள காரை கட்டிடுச்சுன்னு அர்த்தம், அது எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது, டாக்டர்கிட்ட தான் போகணும்.

வயசு 52. எனக்கு ஈறுல ஒரு சொட்டு ரத்தம் கூட வந்ததில்ல. ஆனா ரெண்டு வருஷமா மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்துட்டே போகுது, பல்லும் நீளமா ஆயிட்ட மாதிரி தெரியுது. தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் உண்டு. வயசானா இப்படித்தானா?
- வாசகர், சிவகாசி

சார், வயசானா பல்லு நீளாது. ஈறும் அதுக்குள்ள இருக்கற எலும்பும் பல்லை விட்டுப் பின்வாங்கினதால வேர்ப்பக்கம் வெளிய தெரியுது, அதான் நீளமா தெரியுது. சந்து விழறதும் அதனால தான், புடிமானம் போன பல்லை நாக்கும் உதடும் தள்ளத் தள்ள அது விசிறி மாதிரி விரிஞ்சுக்கிட்டே போகும்.

ரத்தம் வரலன்னு நிம்மதியா எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சப்போ தான் எனக்கு பக்குன்னு இருந்துச்சு. நிக்கோட்டின் ரத்தக்குழாயச் சுருக்கிடும். உள்ள நோய் இருந்தும் ஈறு வெளுத்து கெட்டியா, பார்க்க நல்லாவே இருக்கற மாதிரி இருக்கும், ரத்தம் வராது. வீட்டுல திருடன் புகுந்திருக்கான், நாய்க்கு யாரோ பிஸ்கட் போட்டு வாயடைச்சுட்டாங்க, அந்த மாதிரி. சிகரெட்டை விட்டவங்க சில பேரு "விட்டதுக்கு அப்புறம் தான் டாக்டர் ரத்தமே வருது"ன்னு சண்டைக்கு வருவாங்க, மறைஞ்சு கெடந்தது வெளிய வருது, அவ்வளவு தான், அதுக்காக திரும்ப பத்த வெச்சுராதீங்க.

நீங்க கண்ணாடி பார்த்து கண்டுபிடிக்கற கட்டத்தைத் தாண்டிட்டீங்க. எம்.டி.எஸ். படிச்ச ஈறு ஸ்பெஷலிஸ்ட், பெரியோடான்டிஸ்ட்னு போர்டுல இருக்கும், அவங்ககிட்ட போயி எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு இருக்குன்னு பாருங்க. அந்தச் சந்துல கம்பி போட்டு மூடறதோ, கேப் போடறதோ அப்புறம். முதல்ல ஈறு. இந்த வரிசையை மாத்திச் சொல்றவங்ககிட்ட போகாதீங்க.

பல்லு க்ளீன் பண்ணினா பல்லு ஆடும், எனாமல் போயிடும், கூச்சம் வரும்னு சொல்றாங்களே? பக்கத்து வீட்டு அக்கா க்ளீன் பண்ணிட்டு வந்ததும் பல்லுக்கு நடுவுல எல்லாம் ஓட்டை வந்துருச்சுன்னு அழுதாங்க.
- வாசகி, ஈரோடு (இதே கேள்விய இன்னும் ஏழு பேர் கேட்டிருக்காங்க)

அந்த அக்கா சொன்னது உண்மை, காரணம் தான் வேற.

போர் தண்ணி புடிக்கற பக்கெட்ல வெள்ளையா உப்பு கட்டுமே, பார்த்திருப்பீங்க, சபீனா போட்டாலும் போகாது, கல்லு வெச்சு தான் தேய்க்கணும். வாயிலயும் அதே கதை. எடுக்காம விட்ட படலத்துல எச்சில்ல இருக்கற கால்சியம் உப்பு சேர்ந்து சில நாள்லயே இறுக ஆரம்பிச்சு கல்லாயிடும், அது காரை. வெத்தலை, டீ, சிகரெட்டால பல்லு மேல வர்ற நிறம் கறை. கறையும் காரையும் வேற வேற, கறை பார்க்கத் தான் அசிங்கம், காரை தான் ஆபத்து, ஏன்னா சொரசொரன்னு இருக்கற அது மேல புதுப்படலம் ஜம்முனு வந்து உக்காந்துக்கும். வருஷக்கணக்குல காரை கட்டிக்கட்டி ரெண்டு பல்லுக்கு நடுவுல சிமென்ட் பூசின மாதிரி அடைச்சிடும், ஈறு அதுக்குக் கீழ இறங்கியே போயிருக்கும், எலும்பும் தான். நாங்க அந்த சிமென்ட்ட எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியுது, ஏற்கனவே ஆடிட்டிருந்த பல்லு, முட்டுக் குடுத்திருந்த காரை போனதும், ஆடறது தெரியுது. பழி எங்க மெஷின் மேல!

ஒரு நாள் பலசரக்குக் கடை வெச்சிருக்கற ஒரு அண்ணாச்சி வந்தார், கீழ் முன்பல்லு ஆறும் பின்பக்கம் ஒரே கல்லா ஒட்டிக் கெடந்துச்சு. காரை எடுக்கற மெஷினை, ஸ்கேலர்னு சொல்லுவோம், வெச்சதும் புளியங்கொட்டையில பாதி சைஸுக்கு ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து வந்துச்சு, பழுப்பு நிறம், ஈறுக்குள்ள புதைஞ்சிருந்த பக்கம் கன்னங்கரேல்னு. பஞ்சுல வெச்சுக் காட்டினேன். "அய்யோ, பல்ல உடைச்சுட்டீங்களேம்மா"ன்னு பதறிட்டார். கண்ணாடியக் குடுத்து ஆறு பல்லையும் அவரையே எண்ண வெச்சேன், ஆறும் இருந்துச்சு. அந்தத் துண்ட பேப்பர்ல மடிச்சு பொண்டாட்டிக்குக் காட்டணும்னு எடுத்துட்டுப் போனார் மனுஷன்.

மெஷின் பல்லைச் சுரண்டறதில்ல. அதோட முனை செகண்டுக்கு 25,000 தடவை போல அதிரும், அந்த அதிர்வுல காரை தெறிச்சு வந்துரும், சூடாகாம இருக்கத் தான் கூடவே தண்ணி பீச்சுது. எனாமல் போகாது. கூச்சம் வரும், அத மறைக்க மாட்டேன், இத்தன நாள் கம்பளி போத்திக்கிட்டு இருந்த வேர்ப்பக்கத்துல திடீர்னு காத்து படுதில்லையா, ஒரு வாரம் ரெண்டு வாரம் ஐஸ் வாட்டர் குடிக்காம கூச்சத்துக்கான பேஸ்ட்ட போட்டா அடங்கிடும்.

க்ளீன் பண்றதுக்கு முன்னாடி டாக்டர் ஒரு மெல்லிசுக் கம்பிய வெச்சு ஒவ்வொரு பல்லச் சுத்தியும் அந்த ஈறுப் பள்ளத்தோட ஆழத்தை ஆறு இடத்துல மில்லிமீட்டர்ல அளந்து "மூணு, ரெண்டு, மூணு... அஞ்சு, நாலு, ஆறு"ன்னு சிஸ்டருக்கு சொல்றாங்களான்னு கவனிங்க. அந்த நம்பர் தான் உங்க ஈறோட மார்க் ஷீட், இதுல மட்டும் மார்க் கம்மியா வாங்கணும். எல்லாம் மூணுக்குள்ள இருந்தா சாதாரண ஸ்கேலிங் ஒரே சிட்டிங்ல முடிஞ்சிரும். நாலுக்கு மேல போயி ரத்தமும் வந்தா, மரத்துப்போற ஊசி போட்டு ஈறுக்கு உள்ள போயி வேர வழவழன்னு சுத்தம் பண்ணணும், ரெண்டு சிட்டிங் நாலு சிட்டிங் ஆகலாம். ரெண்டு மாசம் போல விட்டுத் திரும்ப அளப்போம். அப்பவும் அஞ்சு ஆறுன்னு நின்னு ரத்தம் வந்துச்சுன்னா தான் ஈறைத் திறந்து பண்ற ஃப்ளாப் சர்ஜரி. அளக்காமயே "சர்ஜரி பண்ணணும்"னு யாராவது சொன்னா நம்பர் என்னன்னு கேளுங்க, உங்க வாயி, கேட்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

இன்னொண்ணு, மெடிக்கல்ல "ஈறு வீங்கியிருக்கு, ஏதாவது குடுங்க"ன்னு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடறது. ரெண்டு நாளைக்கு வீக்கம் அடங்கும், காரை அங்கயே தான் இருக்கும், அடுத்த மாசம் திரும்ப வரும். மாத்திரைக்குக் கல்லு கரையாது.

வணக்கம் டொக்டர். எங்க தாத்தா பூண்டுலோயா பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவரு. அந்தக் காலத்துல வெளிநாட்டு டொக்டர்மார் வந்து தொழிலாளிங்க வாயை எல்லாம் பார்த்து எழுதிக்கிட்டுப் போவாங்கன்னு சொல்லுவாரு. பேரப்பசங்க நாங்க சிரிப்போம். அப்படி ஏதும் நடந்துச்சா?
- வாசகர், ஹட்டன், இலங்கை

சிரிக்காதீங்க தம்பி, தாத்தா சொன்னது நிஜம். உலகத்துல எந்த நாட்டுல ஈறு நோயப் பத்தி படிச்சாலும் உங்க ஊரு தோட்டம் அந்தப் பாடத்துல வந்தே தீரும்.

மேல ஒரு ஹெரால்ட் லோ பத்தி சொன்னேனே, அவரே தான். 1970-ல ஆரம்பிச்சு 15 வருஷம், டன்சினன், ஹாரோங்கற ரெண்டு தோட்டத்துல வேலை செஞ்ச 480 ஆம்பளைங்க வாயை அவரும் அவர் கூட இருந்தவங்களும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தாங்க. பிரஷ், பேஸ்ட், பல் டாக்டர்னு எதையுமே பார்க்காத ஜனங்க. அப்படி விட்டா ஈறு நோய் தன் போக்குல எப்படிப் போகும்ங்கறது தான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க நார்வேல, சின்ன வயசுல இருந்தே பல் டாக்டர்கிட்ட போயிட்டிருந்த 565 பேரையும் இதே மாதிரி பார்த்துட்டு வந்தாங்க.

தோட்டத்து ஆளுங்களுக்கு சொத்தைப்பல்லு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆனா காரையும் ஈறு வீக்கமும் அநேகமா எல்லார்கிட்டயும். இதுல தான் ஆச்சரியம், எல்லாருக்கும் ஒரே அழுக்கு, ஒரே சாப்பாடு, ஒரே லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கை, ஆனா நோய் ஒரே மாதிரி போகல. 100-க்கு 81 பேருக்கு மிதமா போச்சு, 45 வயசுல ஏழு பல்லு போல போயிருந்துச்சு. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோட அப்படியே நின்னுடுச்சு, எலும்புக்குப் போகவே இல்ல. மீதி 8 பேருக்கு புயல் வேகம், 35 வயசுல 12 பல்லு காலி, 40-ல 20, 45-ல வாயில ஒரு பல்லு கூட மிச்சம் இல்ல.

எங்கிட்ட வந்து "எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்ல, 80 வயசுல கரும்பு கடிச்சார்"னு சொல்றவங்களுக்கு நான் இந்தக் கணக்கைத் தான் சொல்லுவேன், உங்க தாத்தா அந்த 11-ல ஒருத்தரா இருந்திருப்பார், நீங்க எந்தக் கூட்டம்னு முன்கூட்டியே தெரியாது. 2010-ல திரும்பப் போயி பழைய ஆளுங்கள்ல 75 பேரைக் கண்டுபிடிச்சுப் பார்த்திருக்காங்க, காரையும் புகைபிடிக்கறதும் இந்த நோயைத் தள்ளிக்கிட்டுப் போகுதுன்னு அதுலயும் தெரிஞ்சுது. அந்த ஜனங்க வாயில இருந்து உலகம் பூரா பாடம் படிச்சோம், அவங்களுக்கு அதுல என்ன கிடைச்சுதுன்னு நினைச்சா எனக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும். உங்க தாத்தா எந்தத் தோட்டம்னு கேட்டு எழுதுங்க, எனக்கும் ஆசையா இருக்கு.

ரிட்டயர்டு டீச்சர், 61 வயசு. சுகர், பிபி ரெண்டும் இருக்கு. ஒரு வருஷமா ஈறு வளர்ந்து முன்பல்லுல பாதி மூடிடுச்சு. கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு.
- வாசகி, கும்பகோணம்

டீச்சர், முதல்ல அந்த பிபி மாத்திரை அட்டையத் திருப்பி அம்லோடிபின்னு போட்டிருக்கான்னு பாருங்க. நல்ல மருந்து தான், கோடிக்கணக்கான பேரு சாப்பிடறாங்க, ஆனா சில பேருக்கு ஈறை வளர்த்து விடும், வாய் சுத்தம் கம்மியா இருந்தா இன்னும் ஜாஸ்தியா. நிஃபெடிபின், வலிப்புக்குக் குடுக்கற ஃபெனிடாயின், கிட்னி மாத்தினவங்க சாப்பிடற சைக்ளோஸ்போரின், இதுங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திராதீங்க! பிபி ஏறி ஸ்ட்ரோக் வந்தா ஈறப் பத்திப் பேச ஆள் இருக்க மாட்டோம். உங்க பிபி டாக்டர்கிட்ட ஈறைக் காட்டி, வேற ரக மாத்திரைக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க, இந்தப் பக்கம் பல் டாக்டர்கிட்ட நல்லா க்ளீன் பண்ணிக்கோங்க, பல பேருக்கு இதுலயே வத்திடும். மிச்சம் நின்னா வெட்டிச் சரி பண்ணலாம். ஒரே இடத்துல மட்டும் கட்டியா வளர்ந்திருந்தா, இல்ல மூணு வாரமா ஆறாத புண்ணு இருந்தா, அது தனி விஷயம், உடனே காட்டணும்.

சுகர் இன்னொரு பக்கம். சுகர் ஜாஸ்தியானா ஈறு நோய் வேகமாகும், ஈறுல சீழும் வீக்கமும் இருந்தா சுகர் கட்டுக்குள்ள வராது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தூபம் போடும். ஈறை ஒழுங்கா வைத்தியம் பண்ணினா மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் அளவு, கொஞ்சம் இறங்குது, அரை பாயிண்ட்டுக்கு சித்த கம்மியா. அடுத்த தடவை சுகர் டாக்டர்கிட்ட போறப்போ வாயத் திறந்து காட்டுங்க, அவரா கேட்க மாட்டார். ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எதாவது சாப்பிட்டா அதை பல் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இதையும் நீங்களா நிறுத்தக் கூடாது.

அஞ்சு மாசம் முழுகாம இருக்கேன். ஈறு வீங்கி ரத்தம் வருது, ஒரு இடத்துல சிவப்பா சின்னக் கட்டி. இப்போ பல் டாக்டர்கிட்ட போகக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க.
- வாசகி, திருப்பூர்

போகலாம், இப்போ தான் போகணும் தங்கச்சி. நாலுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் சேர்ல உக்கார வசதியான காலம், க்ளீன் பண்றதால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ஹார்மோன் மாறறதால கொஞ்சூண்டு அழுக்குக்கே ஈறு பெருசா கோச்சுக்குது. அந்தக் கட்டியும் அதனால தான், கேன்சர் இல்ல, பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் தானா சுருங்கிடும், ஆனா டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும். காலையில வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ் பண்ணாதீங்க, புளிச்ச ஆசிட்டோட சேர்த்துத் தேய்ச்சா பல்லு கரையும், வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு அரை மணி நேரம் விட்டுத் தேய்ங்க.

உப்புத் தண்ணி, உமிக்கரி, வேப்பங்குச்சி, நல்லெண்ணெய் கொப்பளிக்கறது, மவுத்வாஷ் - இதுல எது நல்லது?
- பல வாசகர்கள்

உப்புத் தண்ணி நல்லது, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன், வீக்கத்துக்கு இதமா இருக்கும், காரையக் கரைக்காது. உமிக்கரியும் செங்கல் பொடியும் பாத்திரத்துக்கு, பல்லுக்கு வேண்டாம், விரலால அழுத்தித் தேய்ச்சுத் தேய்ச்சு பல்லோட கழுத்துல பள்ளம் விழுந்து வர்றவங்கள வாராவாரம் பார்க்கறேன். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு சொன்னவங்க பொய் சொல்லல, நுனிய நல்லா மென்னு பிரஷ் மாதிரி ஆக்கிட்டுத் தேய்ச்சா முன்பல்லு சுத்தமாகும், ஆனா கடைவாய்ப்பல்லோட உள்பக்கத்துக்கு அந்தக் குச்சி எப்படி வளையும் சொல்லுங்க? நல்லெண்ணெய் விருப்பம் இருந்தா கொப்பளிங்க, படலம் கொஞ்சம் குறையுது, பிரஷ்ஷுக்குப் பதிலா மட்டும் வேண்டாம். புகையிலை கலந்த பல்பொடி, அத 1992-லயே கவர்மென்ட் தடை பண்ணிடுச்சு, இன்னமும் யாராவது "ஊர்ல இருந்து வந்தது"ன்னு குடுத்தா தொடாதீங்க.

மவுத்வாஷ்ல டாக்டர் எழுதற க்ளோர்ஹெக்ஸிடின் வேலை செய்யும், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களா இழுத்தா பல்லு பழுப்பாகும், நாக்குல ருசி மாறிப்போகும், சாம்பார்ல உப்பில்லன்னு வீட்டுல சண்டை வரும். பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச உடனே அதை ஊத்தினா பேஸ்ட்டுல இருக்கற நுரை சமாச்சாரம் மருந்த முறிச்சிடும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்க. எங்கிட்ட கேட்டா மவுத்வாஷுக்கு செலவு பண்ற காசுல பல்லிடுக்கு பிரஷ் வாங்குங்கன்னு சொல்லுவேன், பாட்டில் கழுவற பிரஷ்ஷோட குட்டிப் பேரன் மாதிரி இருக்கும். ஈறு நோய் ஆரம்பிக்கறதே பல்லு இடுக்குல தான், சாதாரண பிரஷ் அங்க எட்டாது.

பையனுக்கு மூணு நாளா காய்ச்சல், இன்னைக்கு ஈறுல ரத்தம் வருது. எந்த பேஸ்ட் போடலாம்?
- வாசகி, கடலூர்

இதுக்கு இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு அன்னைக்கே போன் பண்ணி சொல்லிட்டேன், ஆனா மத்தவங்களுக்காகப் போடறேன். காய்ச்சலோட ஈறுல ரத்தம் வந்தா அது பேஸ்ட் விஷயம் இல்ல, டெங்குல அது ஒரு அபாய அறிகுறி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணணும். காய்ச்சல் இல்லாமலே ஈறு திடீர்னு வீங்கி, தன்னால ரத்தம் கசிஞ்சு, ஒடம்புல அங்கங்க நீலமா தடம், அசதின்னு இருந்தாலும் முதல்ல ரத்த டெஸ்ட் தான்.

பிரைவேட்ல போக வசதி இல்ல டாக்டர். எங்க காட்டறது?
- வாசகர், அரக்கோணம்

சென்னைக்கு ட்ரெயின் ஏறினா தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953-ல இருந்து நடக்குது, ஈறுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் உண்டு. காலையிலயே போயி ஓ.பி. சீட்டு போடுங்க. அவ்வளவு தூரம் முடியாதுன்னா பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கும். பிரைவேட் பல் மருத்துவக் கல்லூரிங்கள்லயும் வெளிய வாங்கறத விடக் கம்மியா தான் வாங்குவாங்க, படிக்கற பசங்க பண்ணுவாங்க, கூட சார் நின்னு பார்ப்பார், கொஞ்சம் நேரம் ஆகும், ஆனா பொறுமையா பண்ணுவாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு வாய் நாத்தம். நேரா சொன்னா கோவிச்சுப்பார். ஏலக்காய் குடுத்துக் குடுத்து ஓய்ஞ்சுட்டேன். எப்படிச் சொல்றது?
- வாசகி, பேரும் ஊரும் கண்டிப்பா வேண்டாம்

ஏலக்காய நிறுத்துங்க, பாயாசத்துக்காவது மிச்சமாகும். வாய் நாத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் வயித்துல இல்ல, வாயிலயே தான் இருக்கும், நாக்கோட பின்பக்கம் படியற வெள்ளையும், ஈறு பள்ளத்துல சேர்ற கிருமியும். அவர்கிட்ட நாத்தம்ங்கற வார்த்தையே எடுக்காதீங்க. ஃப்ளாஸ்னு பல்லிடுக்குல விடற நூல் கிடைக்கும், ஒண்ணு வாங்கிட்டு வந்து "இந்த புக்குல போட்டிருக்கு, ரெண்டு பேரும் பண்ணிப் பார்க்கலாம்"னு சொல்லி, கடைவாய்ப்பல்லு நடுவுல விட்டு எடுத்து, அவங்கவங்க நூலை அவங்கவங்களே மோந்து பாருங்க. நூல்ல சிவப்பா இருந்தாலும் நாத்தம் அடிச்சாலும் ஈறு டாக்டர்கிட்ட போகணும்னு நான் எழுதினதா அவர்கிட்ட சொல்லுங்க, கோவம் என் மேல போகட்டும். போறப்போ நீங்களும் சேர்ந்து போங்க, உங்க நூல் எப்படி இருந்துச்சுன்னு நீங்க எழுதவே இல்லையே.